தரைக்கு எடுத்த ஸ்கேன்

குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெரியவர், பக்கத்து ஆளிடம் சொன்னார்: "வீட்டுத் தரைக்கு ஸ்கேன் எடுத்தாச்சு வே."

"தரைக்கா? அதுக்கென்ன சீக்கு அண்ணாச்சி?"

"செப்டிக் டேங்க் நெறஞ்சிட்டு. டைல்ஸ் ஒட்டுனதுல மூடி எங்கன இருக்குன்னு தெரியல. மேலகரம் ரோட்டுல ஒருத்தன் மண்ணுக்குள்ள பைப்பு தேடுத ரேடார் வண்டியத் தள்ளிட்டுப் போனான். கெஞ்சிக் கூட்டியாந்தேன்."

"தெரிஞ்சுதா?"

"சுவரு ஓரமா டேங்க் தெரியுது, மூடியக் காணோம். மிச்ச டேங்க் சுவத்துக்கு அந்தப் பக்கம் போவுதுங்கான்."

"அந்தப் பக்கம் உங்க தம்பி வீடுல்லா?"

"ஆமா. பாகம் பிரிச்சு நடுவுல சுவரு வச்சப்ப டேங்க யாரும் நெனைக்கல. மூடி அவன் சாமி ரூமுக்கு அடியிலதான் இருக்கணும்."

"நீங்கதான் அவர்ட்ட பேச மாட்டீயளே!"

"வெள்ளிக்கெழமை மகளுக்கு நிச்சயம். ஒரு வேன் ஆளு வருது. வேற வழியில்லாம, நேத்து வெத்தலை பாக்கோட அவன அழைக்கப் போனேன்."

"பேசுனாரா?"

"அழுதுட்டான் வே. 'அண்ணே, எத்தன வருசங்கழிச்சு என் வாசல மிதிச்சிருக்க'ன்னு கையப் புடிச்சிக்கிட்டான்."

"பொறவென்ன?"

"பொறவு எப்படி வே செப்டிக் டேங்கக் கேக்க?"