மூன்று வாசலில் நிற்கிறது

தலைமை ஏற்றுச் சபையைச் சிறப்பிக்கும் ஐயா சிவசம்பு அவர்களே! பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையைப் பேணி வளர்க்கும் பெரியோர்களே! கைக்குழந்தையோடு வந்து காத்திருக்கும் தாய்மார்களே! கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் உறவுகளே! அனைவருக்கும் பூரணத்தின் பணிவான வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. என்ன அண்ணே? பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? சரி, உரக்கவே பேசுகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, கணக்கில் வரும் சார்பு. பயந்துவிடாதீர்கள், அம்மா! ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். ஒரு விதி அதை வாங்கி, இன்னோர் எண்ணைத் தருகிறது. அவ்வளவுதான் சார்பு. உள்ளே போகத் தக்க எண்களின் கூட்டத்தைச் சார்பகம் என்றும், வெளியே வரும் எண்களின் கூட்டத்தை வீச்சகம் என்றும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் வகுப்பில் சொல்வோம்.

ஒருநாள் எங்கள் ஆசிரியை புனிதவதி, பாசார் சந்தையில் வாங்கிய பன்னிரண்டு வடைகளை மேசையில் வைத்தார். வருகிறவர்களுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும்; அதுதான் விதி. இருவர் வந்தால் ஆளுக்கு ஆறு. மூவர் வந்தால் நான்கு. நால்வர் வந்தால் மூன்று. "ஒருத்தரும் வரேல்லை எண்டால்?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, "சைபர், டீச்சர்" என்றேன்.

பக்கத்தில் இருந்த கிள்ளான் நல்லம்மாள் விடுவாளா? "யாரும் வரலன்னா பன்னிரண்டையும் நானே தின்னுடுவேன் லா!"

"அப்போ நீ ஒருத்தி வந்துட்டியேடி!" என்றேன். வகுப்பே சிரித்தது. அதோ, இப்போதும் முகத்தை மூடிக்கொள்கிறாள் பாருங்கள்!

ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "ஆளே இல்லாத இடத்தில ஆளுக்கு எத்தனை எண்டு கேக்கவே ஏலாது, பிள்ளை. சைபர் எண்டால் அதுவும் ஒரு விடை. இங்க விடையே இல்லை" என்றார்.

சபையோரே! சைபர் வேறு, விடையின்மை வேறு. எங்கள் வடைக் கணக்கில் சைபர் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. நூறு பேர் வந்தாலும் ஆளுக்கொரு துணுக்காவது கிடைக்குமே! அன்று நான் சொன்ன விடை இரண்டு பக்கமும் தவறு.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்?

சென்ற மாதக் கூட்டத்தில் நம் செயலாளர் ஐயா பழனியப்பன் கேட்டார்: "மூணு வருஷமா வகுப்பு நடக்குது. வாசகசாலைப் பரீட்சையில பொம்பளப் பிள்ளைங்க தேறினது எத்தனை? சைபர்! அப்புறம் எதுக்கு இந்த வகுப்பு?" நான் பேசி முடித்ததும், பெண்கள் வகுப்பை மூடுவதா வேண்டாமா என்று கமிட்டி கை தூக்கப்போகிறது.

ஐயா, தங்களை எதிர்த்துப் பேச வரவில்லை. கணக்கைத்தான் கேட்கிறேன். அந்தப் பரீட்சையை ஆண்கள் மட்டுமே எழுதலாம் என்பது நம் விதி. நாங்கள் எழுதித் தோற்றோமா? எழுத உட்கார்ந்தோமா? எழுத அழைத்தீர்களா?

என் வடைகளுக்கே திரும்புகிறேன். ஒருவராகவோ இருவராகவோ வந்தால் மட்டுமே உள்ளே விடுவோம் என்று வாசலைச் சாத்திவிட்டால், என்ன விளையும்? பன்னிரண்டு விளையும், ஆறு விளையும். நான்கு விளையவே விளையாது! உடனே, "இந்த விதியில் நான்குக்கு இடமில்லை" என்று தீர்ப்புச் சொல்லலாமா? நான்கைத் தரும் மூன்று எங்கே? மூன்று வாசலில் நிற்கிறது, ஐயா! சார்பகத்தைச் சுருக்கியவர்கள் நாம். வீச்சகம் சுருங்கிவிட்டது என்று குறை சொல்பவர்களும் நாமா?

கைதட்ட வேண்டாம், அக்கா. இன்னும் ஒன்றே ஒன்று.

நல்லம்மாளின் வீட்டில் சொல்லிவிட்டார்கள்: "பரீட்சை எழுத விடலன்னா எதுக்குப் போறே? அடுத்த ஞாயிறு வீட்டுலயே இரு." நீங்கள் தூக்கும் கைகளில்தான் அவளுடைய அடுத்த ஞாயிறு இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். வகுப்பை நடத்துங்கள், பரீட்சைக்கும் எங்களை அழையுங்கள். தேறினால் மகிழுங்கள். தோற்றால், தயங்காமல் சைபர் போடுங்கள்! அந்தச் சைபரை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறோம்; ஏனென்றால் அது நாங்கள் உள்ளே வந்ததால் விளைந்த சைபர், எங்களுடைய சைபர். உள்ளே விடாமலே எங்கள் பெயருக்கு நேரே ஒரு சைபர் போடாதீர்கள். அது கணக்கும் அல்ல, நியாயமும் அல்ல.

பொறுமையாகக் கேட்ட தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் ஐயாவுக்கும், சபையோர் அனைவருக்கும் என் நன்றி. இறங்கிப் போய் நல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கமிட்டியார் கை தூக்கலாம். வணக்கம்.