பேர் விழாத நாள்

கொடைக்கானல் ஈரத்துக்கு வீடியோ கேசட்டில் சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும். கடை வைத்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நான் அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட் பல்பை அணையாமல் எரியவிட்டு வைத்திருப்பேன். ஏழு ரோட்டுப் பக்கம் உள்ள மூன்று கடைகளில் கோடு விழாமல் படம் ஓடுவது என் கடைக் கேசட்டில்தான். ஐயா, நேற்று நீங்களும் ஸ்டேஷனுக்கு டி.வி.யும் டெக்கும் என் கடையிலிருந்துதான் எடுத்துவரச் சொன்னீர்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. டெக்கைத் துடைத்தே கொடுத்தனுப்பினேன்.

'வைகைப் பரணி' கேசட்டாக வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பாண்டியர் காலத்துப் போர்ப் படம். எழுபத்தெட்டில் மதுரையில் ஐந்து நாள் ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போனது. மலைக்கு வரவே இல்லை. ஒன்பது வருஷம் கழித்து யாரோ உரிமை வாங்கி, அட்டையில் யானைப் படம் போட்டு, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி விட்டுவிட்டார்கள். புதிதாக வந்த கேசட் கட்டுக்குள் அதுவும் இருந்தது. திருப்பி அனுப்பியிருக்கலாம். அதில் நானும் இருக்கிறேனே என்ற ஆசையில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் போர்க்காட்சியைப் பூம்பாறைக்கு மேலே புல்வெளியில் எடுத்தார்கள். படைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது நான். சிலோனிலிருந்து வந்து இங்கே எஸ்டேட்டுகளில் இருந்தவர்களில் அறுபது பேரைக் கூட்டிப் போனேன். தோட்டத்தில் வேலைவாங்கும் மேஸ்திரியைக் கூப்பிட்ட பழக்க தோஷத்தில் என்னையும் கங்காணி என்பார்கள். சொன்னதைக் கேட்கிற சனங்கள். கம்பெனி மேனேஜரிடம் அவர்கள் கேட்டது ஒன்றுதான்.

"எங்களுக்குப் பேரு போடுவீங்களா?"

மேனேஜருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. செத்து விழுகிறவனுக்கெல்லாம் டைட்டிலில் பேர் போட முடியுமா என்றார். அவர்கள் டைட்டிலைக் கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் ஒருவனுடைய ஒரு நாள் வேலையை நோட்டில் ஏற்றுவதற்குத்தான் பேர் போடுவது என்பார்கள். பேர் விழாவிட்டால் அன்றைக்கு அவன் வரவே இல்லை என்று அர்த்தம். நான்தான் விளக்கிச் சொன்னேன். நோட்டும் என் கையிலேயே இருந்தது.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தை மாற்றி எழுதினேன். தங்கமுத்து என்கிற ஒரு பேரை விட்டுவிட்டு எழுதினேன். அதை ஒப்புக்கொள்கிறேன். அவன் தோட்டத்திலிருந்து அவன் ஒருவன்தான் வந்திருந்தான்; ஒட்டுத் தாடிக்குள் யார் யாரென்று மற்றவர்களுக்கும் தெரியாது. மறுநாள் அவன் பெண்சாதி சிவபாக்கியம் தேடி வந்தபோது, அவன் படப்பிடிப்புக்கே வரவில்லை என்று நோட்டைக் காட்டினேன். தோணி ஏறிச் சிலோனுக்கே போயிருப்பான் என்றும் சொன்னேன். அது ஆறுதலுக்காகச் சொன்னது. ஓடிப்போனவன் என்றைக்காவது திரும்பி வரலாம் இல்லையா? பத்து வருஷம் அவள் பொட்டோடும் தாலியோடும் இருந்தாள். அது நான் கொடுத்தது.

இந்தச் சித்திரையில் அவள் கடைக்கு வந்தாள். அவள் வேலை பார்க்கும் பங்களாவில் அந்தக் கேசட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்தவள் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். முடியாது என்றால் சந்தேகம் வரும் என்று போட்டுக் காட்டினேன்.

"அந்த எடத்துல நிப்பாட்டுங்க," என்றாள்.

தியேட்டரில் என்றால் படம் அதன் பாட்டுக்கு ஓடியிருக்கும். டெக்கில் நிறுத்தலாம். அதைக் கண்டுபிடித்தவன் மேல்தான் எனக்கு ஆத்திரம். நிறுத்தினேன். புல்லில் குவியலாகப் பிணங்கள். ஒரு கேடயத்துக்கு அடியிலிருந்து மேலே நீட்டிய இடது கை. அதில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுப் போன விரல்.

"இது அவரு கை," என்றாள். திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "மேல படுத்திருக்கிறது யாரு, கங்காணி?" என்றாள்.

முகம் தெரியவில்லையே என்றேன். அது பொய்யில்லை. படத்தை நிறுத்தினால் திரையில் ஒரு கோடு ஆடும். அது சரியாக என் முகத்தின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் சொந்தக்காரர்களைக் கூட்டி வருவதாகச் சொல்லிப் போனாள். கேசட் விளிம்பில் ஓர் ஓட்டை இருக்கும். அதை ஒட்டி அடைத்தால்தான் மேலே பதிவாகும். அடைத்து, அந்த இரண்டு நிமிஷத்தின் மேல், படம் வராதபோது டி.வி.யில் பொரியுமே, அந்த வெறும் புள்ளியைப் பதிவு செய்தேன். மறுநாள் வந்தவர்களிடம் பூசணம் பிடித்துவிட்டது என்றேன். சிவபாக்கியம் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பல்பு எரியுதே," என்றாள்.

பூண்டு லாரியில் ஏறி ஒட்டன்சத்திரம் போய், அங்கே ஒரு கடையில் இதே படத்தை வாங்கி, உங்களிடம் கொண்டு வந்துவிட்டாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது மூன்றாவது டேக். மத்தியானம் தாண்டினால் மூடுபனி இறங்கிவிடும். பிணங்களில் ஒருவன் அசைந்தாலும் நாளைக்கு எல்லோரும் மறுபடி வரவேண்டும், இன்றைக்குக் கணக்கில்லை என்று மைக்கில் சொன்னார்கள். ஆட்களைப் பார்த்துக்கொள்ள நானும் வேஷம் கட்டி நடுவில் கிடந்தேன். குதிரை ஒன்று தடுமாறித் தங்கமுத்துவின் இடுப்பில் மிதித்தது.

"ஏலாது கங்காணி," என்றான். "என்னைய எழுப்பி விடுங்க."

காமிரா ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையைத் தூக்கினான். நான் என் தகரக் கேடயத்தை அவன் முகத்தில் வைத்து, அதன் மேல் மார்பை அழுத்திப் படுத்தேன். அறுபது பேர் பிழைப்பு இருந்தது. ராஜா வந்து பிணங்களுக்கு நடுவில் நின்று வசனம் பேசினார். நீளமான வசனம், எனக்கு இன்னும் மனப்பாடம். தங்கமுத்து முதலில் பலமாகத் தள்ளினான். பாதி வசனத்தில் தள்ளுவது நின்றது. அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் எழவில்லை. இன்னும் கட் சொல்லவில்லை.

குதிரைகள் விழுவதற்காக வெட்டிய பள்ளங்களை மூடுவதும் என் சோலிதான். பனி இறங்கியதும் அதில் ஒன்றில் அவனைப் போட்டு மூடினேன். இப்போது அங்கெல்லாம் தைலமரம் நட்டுவிட்டார்கள். எந்தப் பள்ளம் என்று எனக்கே தெரியாது. தேடி உங்கள் ஆட்களை அலைக்கழிக்க வேண்டாம்.

நேற்று இந்த டி.வி.க்கு முன்னால் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முந்தானையால் பொட்டை அழித்துக்கொண்டு உங்களிடம் கேட்டாள்.

"அன்னைக்கு அவருக்குப் பேரு போடுவீங்களா, ஐயா?"

உங்களுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தீர்கள். அந்த நோட்டை எப்போதோ எரித்துவிட்டேன், இனி எதில் போடுவது என்று நான்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் பேரை மட்டும் பிழையில்லாமல் எழுதுங்கள்: பொன்னுவேல். அந்த ஷாட் முடிந்ததும், பிணம் என்றால் இப்படிக் கிடக்க வேண்டும் என்று டைரக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆனாலும் பாருங்கள் ஐயா, படத்தில் எனக்கும்தான் பேர் போடவில்லை.