காஜா பேராங்கில் ஆறிய பீர்

தண்ணீரை வீணாக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த வருஷ வறட்சியில் எங்கள் ஊரான காஜா பேராங்கில் குழாய்த் தண்ணீர் காலையில் மட்டும்தான் வந்தது. சிக்கனமாக இருக்கச் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பேசியவன் நான். மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளரும் நான்தான்.

பீர் காய்ச்சியதும் நான்தான். சொல்ல நாக்கூசுகிறது.

நான் கிராணியாகக் கணக்கு எழுதும் ரப்பர் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பும்போது பீருக்கான பார்லி மால்ட் டின்களையும் காய்ச்சும் முறையையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சங்கத் தலைவர் பொன்னுதுரை கேள்விப்பட்டு வந்தார்.

"நாடே நம்ம கைக்கு வருது கிராணி. இன்னமும் வெள்ளைக்காரன் பீரையா கடையில வாங்கிக் குடிக்கிறது? மெர்டேக்கா அன்னிக்கு, சுதந்திரக் கொடி ஏத்துற அன்னிக்கு, நம்ம சொந்தச் சரக்கு இருக்கணும்."

சங்கக் கூட்டங்களில் அதைக் கஷாயம் என்றே சொல்லிக்கொண்டோம்.

கொதித்த மால்ட் சாற்றைச் சட்டென்று ஆறவைக்க வேண்டும். மெதுவாக ஆறினால் ஈஸ்ட் போடுவதற்குள் கெட்டுவிடும். ஒரு செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து அண்டாவுக்குள் இறக்கினேன். குழாய்க்குள் தண்ணீர் ஓடும். சாற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும். அதைச் சாக்கடையில் விட மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு ருக்மணிக்குக் குழாய் கிடையாது. ரப்பர் குழாய் மாட்டி வேலி தாண்டி அவளுடைய பீப்பாயில் விட்டேன்.

"சுடச்சுட வருதே ஐயா."

"வெயில்ல பைப்பு காஞ்சு கிடக்கும்மா."

"குளிக்கவும் அவருக்குத் தேத்தண்ணி போடவும் ஆச்சு. விறகு மிச்சம். நீங்க நல்லா இருக்கணும்."

அந்தச் செம்புக் குழாய் தோட்டத்து ஸ்டோரில் கிடந்த மருந்து பம்பினுடையது. லாலான் என்கிற களைப்புல்லைக் கொல்ல அடிக்கிற ஆர்சனிக் மருந்து. சாறு படுவது வெளிப்புறம் என்பதால், புளி போட்டு வெளிப்புறத்தைப் பளபளவென்று துலக்கினேன். உள்ளே ஓடுவது வெறும் தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன். உள்ளே காய்ந்திருந்தது சூட்டில் கரைந்திருக்க வேண்டும்.

மறுநாள் ருக்மணியின் கணவன் தம்பிராஜா வாந்தி எடுத்தான். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஓர் அண்டா போதாது என்றார் பொன்னுதுரை. மறுபடி காய்ச்சினேன். வெந்நீரைச் சாக்கடையில் விட்டால் தெருவே பார்க்கும். பிரசங்கம் செய்தவனே கொட்டுகிறான் பார் என்பார்கள். பீப்பாயிலேயே விட்டேன்.

தம்பிராஜா இறந்துபோனான். வாழ்நாளில் சம்சு என்கிற சாராயத்தைத் தொடாதவன். அவன் சவத்தின் பக்கத்தில் நின்று, கள்ளச் சம்சுவுக்குப் பலியான குடும்பஸ்தன் என்று பேசினேன். பொன்னுதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ருக்மணி மட்டும், "அவரு குடிக்கமாட்டாரே ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மெர்டேக்கா அன்று பீர் அருமையாக இருந்தது. குடித்தவர்களில் ஒருவருக்கும் தலைவலிகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் விஷம் என்று கண்டுபிடித்தார்கள். தேத்தண்ணி போட்டவள் ருக்மணி, அவள் அதைக் குடிப்பதில்லை. அதனால் நீங்கள் அவளைப் பிடித்துவந்தீர்கள். தூக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். அவளை விட்டுவிடுங்கள். கொன்றவன் நான். பழைய பகை, பீப்பாயில் மருந்தைக் கலந்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பீர் காய்ச்சியதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. ஊரில் எனக்கென்று ஒரு பேர் இருக்கிறது.