பூஜ்யம் வாங்கிய குரல்

இருபது நிமிடத்தில் முடிக்கவேண்டும் என்பதை நினைவூட்டக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட தலைவர் அவர்களே, அந்தக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பெருந்தன்மையோடு முயன்றுகொண்டிருக்கும் என் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் ஆசிரியச் சான்றோர்களே, வகுப்பில் பிள்ளைகளையும் வீட்டில் பெரியவர்களையும் ஒரே தொண்டையை வைத்துக்கொண்டு கட்டி மேய்க்கும் தாய்மார்களே, பாதியில் நழுவுவதற்கு வசதியாகக் கதவோரம் இடம்பிடித்திருக்கும் தம்பி தங்கைகளே, குரல் உள்ளவர்களே, குரல் கம்மியவர்களே, குரலை எங்கே தொலைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

கடைசி வரிசையில் ஐயா ஒருவர் கையை உயர்த்துகிறார். கேட்கவில்லையா ஐயா? ஒலிபெருக்கிக்காரர் சரிசெய்யும்வரை காத்திருக்கிறேன். கத்த மாட்டேன். கத்தக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு நானே மேடையில் கத்தினால் நாளைக்கு என்னிடம் யார் வருவார்கள்? இப்போது கேட்கிறதா? நல்லது.

நான் மருத்துவர் இல்லை. குரல் பயிற்சியாளர். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு அடுத்த அறையில், சுவரெல்லாம் பஞ்சுப்பலகை ஒட்டிய ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் ஆட்களை உட்காரவைத்து, 'ஆ' என்று இழுக்கச் சொல்லி, பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஆ அக்கா'. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட இது எனக்குப் பொருத்தம்.

அவையோரே, நம் தொண்டைக்குள் இரண்டே இரண்டு மடிப்புகள். விரல்நகத்தின் நீளம்தான். ஒரு பெண் பேசும்போது அவை நொடிக்கு ஏறத்தாழ இருநூறு முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பாடவேளைக்கு எத்தனை மோதல்? ஒரு நாளைக்கு எத்தனை? ஓர் ஆண்டுக்கு எத்தனை? கணக்கு வாத்தியார்கள் மனத்துக்குள் பெருக்கத் தொடங்கிவிட்டீர்கள், தெரிகிறது. விடையை விடுங்கள், விளைவைக் கேளுங்கள். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுவதுபோல் அந்த மடிப்புகளிலும் காய்ப்பு விழுகிறது. காய்ப்பு விழுந்தால் குரல் கரகரக்கும், கம்மும், காற்றாகும், கடைசியில் காணாமலே போகும். அதட்டியே வளர்ந்த குரல், அறிவைப் புகட்டிய குரல், ஆயிரம் பிள்ளைகளை ஆளாக்கிய குரல், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவும் வராமல் நிற்கும்.

இந்தக் காய்ப்பைக் கத்தி வைக்காமல் பயிற்சியால் குறைக்க முடியுமா? அதுதான் எங்கள் ஆய்வு. உங்கள் ஆசிரியர் சங்கத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் ஓர் அறிவுரைத் தாள். பாதிப் பேருக்கு அதோடு மூன்று மாதம், வாரம் ஒரு நாள் என்னிடம் பயிற்சி. மீதிப் பேருக்கு அந்தத் தாள் மட்டும். எல்லோரும் தொடக்கத்திலும், மூன்று மாதம் கழித்தும், ஓராண்டு கழித்தும் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மழையைப் பற்றிய நான்கு வரிகளை வாசிக்க வேண்டும். மூன்று பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவுகளைக் கேட்பார்கள். யார் குரல், எப்போது எடுத்தது, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. கரகரப்புக்கு மதிப்பெண் போடுவார்கள். மூன்று என்றால் மோசம். பூஜ்யம் என்றால் சுத்தம். ஆமாம், முட்டை வாங்கினால் முதலிடம். உங்கள் மாணவர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில், ஆய்வில் எழுபத்து மூன்று என்ற எண்ணுக்குரியவர் ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவரைப் பற்றிப் பேச அவரே அனுமதி தந்திருக்கிறார். தொடக்கத்தில் மூன்று வாங்கினார். மூன்று மாதத்தில் பூஜ்யம். எங்கள் பேராசிரியர் போன கருத்தரங்கில் எல்லாம் முதலில் அந்தப் பழைய குரலைப் போட்டுக் காட்டுவார். உடைந்து, உரசி, பாதி வார்த்தை காற்றாய்ப் போகும். பிறகு புதிய குரல். மழையைப் பற்றிய அதே நான்கு வரிகள், தெளிந்த நீராய் ஓடும். அரங்கம் கைதட்டும். அந்தக் கைதட்டலில் பாதி எனக்கு என்று நினைத்துக்கொள்வேன். உண்மையில் முழுவதும் எனக்கே என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

ஓராண்டுப் பதிவுக்கு அவர் குறித்த நாளில் வரவில்லை. காய்ச்சல் என்று தகவல். எங்கள் தொழிலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தூக்கம் வராது. ஒலிப்பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கே போனேன். அடுக்குமாடியில் இரண்டாம் தளம். கதவைத் திறந்தவர் அவருடைய கணவர், அச்சகத்தில் வேலை பார்ப்பவர். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி.

"வாங்க மேடம். நீங்க சொன்னது ஒண்ணு விடாம கடைப்பிடிக்கிறோம். ஒரு வருஷமா வீட்ல அவளைப் பேசவே விடலை."

உள்ளே போனேன். சமையலறைச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை. 'உப்பு தீர்ந்தது. மாடியில் துணி.' சாப்பாட்டு மேசைமேல் ஒரு மணி. ஒரு தடவை அடித்தால் ஆசிரியை மகளைக் கூப்பிடுகிறார், இரண்டு தடவை அடித்தால் கணவரைக் கூப்பிடுகிறார். அந்த மணி அடித்தது. பத்து வயது மகள் ஓடிவந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள், போய்விட்டாள். வீடு துடைத்துவைத்தாற்போல் அமைதியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. 

ஆசிரியை வந்து உட்கார்ந்தார். நான் கேட்டேன், "ஸ்கூல்ல எப்படிச் சமாளிக்கிறீங்க?"

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் சொன்னார், "கிளாஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா மேடம். இப்ப லைப்ரரில இருக்கா. அங்க பேசக்கூடாதுன்னு போர்டே இருக்கு. ரொம்ப வசதி."

"பேசச் சொல்லுங்க அவங்களை," என்றேன்.

அவர் பேசினார். கண்ணாடிபோல் குரல். பூஜ்யம் வாங்கிய குரல். "நீங்க குடுத்த தாள்ல 'தேவையில்லாம பேசாதீங்க'ன்னு அடிக்கோடு போட்டிருந்தீங்க. எது தேவை, எது தேவையில்லைன்னு எனக்குப் பிரிக்கத் தெரியலை அக்கா. அதனால எல்லாத்தையும் நிறுத்திட்டேன்."

அந்த அடிக்கோட்டைப் போட்டது இதோ இந்தக் கைதான். எல்லாத் தாளிலும், சிவப்பு மையில், அளவுகோல் வைத்து நேராகப் போட்டேன்.

"டெஸ்டுக்கு நாலு நாள் முன்னாடி சுத்தமா வாயே திறக்க மாட்டேன்," என்று அவரே தொடர்ந்தார். "அந்த நாலு வரியை மட்டும் தினமும் அஞ்சு தடவை வாசிச்சுப் பழகிக்குவேன். உங்களுக்கு நல்ல மார்க் வரணும்ல."

அப்போது மகள் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா மழை வாசிக்கறப்போ நான் பக்கத்துல போய் உக்காந்துக்குவேன் ஆன்ட்டி. அப்ப மட்டும்தான் அம்மா பேசுவாங்க."

அவையோரே, அரங்கங்களில் கைதட்டல் வாங்கிய நான்கு வரிகள், ஒரு குழந்தைக்கு அம்மாவின் குரலாக மிச்சமிருந்த நான்கு வரிகள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது உங்களைப் பற்றியது. சிரிப்பதா, கோபப்படுவதா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். மறுநாள் முதல் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஐம்பத்தாறு பேரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தேன். பதிவுக்கு முந்தைய வாரம் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். முப்பத்தொன்பது பேர் பேச்சைக் குறைத்திருந்தார்கள். இருபது பேருக்கு மேல் மழையை மனப்பாடம் செய்திருந்தார்கள். ஓர் ஐயா கண்ணாடி முன்னால் நின்று ஏற்ற இறக்கத்தோடு ஒத்திகை பார்த்திருக்கிறார். முன்வரிசையில் ஒருவர் தலைகுனிகிறார். ஐயா, நான் உங்களைச் சொல்லவில்லை. உங்களைத்தான் சொன்னேன் என்றும் சொல்லவில்லை.

உலகத்தில் வேறு யாரிடம் இந்த ஆய்வைச் செய்திருந்தாலும் இந்தத் தவறு நடந்திருக்குமா? பேருந்து நடத்துநரிடம் நடந்திருக்குமா? பாத்திரம் விற்பவரிடம் நடந்திருக்குமா? தேர்வு என்ற ஒன்றைக் கண்டால் தயாராகாமல் போகத் தெரியாத ஒரே கூட்டம் நீங்கள்தான். வாராவாரம் பார்த்துப் பழகிய பாசத்தில், அக்காவுக்கு நல்ல பெயர் வாங்கித் தரத் தயாரானீர்கள். தாள் மட்டும் வாங்கிப்போனவர்களுக்கு என் முகமே நினைவில்லை. அவர்களுக்கு அந்தப் பாசமும் இல்லை, அந்தத் தயாரிப்பும் இல்லை. அவர்களுக்கு மதிப்பெண் கூடுதலாக, அதாவது மோசமாக வந்தது. ஆகவே பயிற்சி வென்றது என்று நாங்கள் எழுதினோம். நாங்கள் அளந்தது பயிற்சியையா, பாசத்தையா?

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். கட்டுரை அச்சுக்குப் போயிருந்த நேரம். 

"எழுபத்து மூணை மட்டும் எடுத்துடலாமா?" என்றார்.

"எழுபத்து மூணை எடுத்தா எழுபத்து நாலையும் எடுக்கணும் சார். எடுத்துக்கிட்டே போனா நீங்களும் நானும்தான் மிச்சம்."

அவர் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு அந்தத் தெளிந்த குரலை மறுபடியும் ஒரு தடவை கேட்டார். கழற்றிவைத்தார். "திருப்பி வாங்கிடலாம்," என்றார். மூன்று ஆண்டு உழைப்பைத் திரும்பப் பெறும் கடிதம் ஆறே வரிகள். அதை அவரே எழுதினார். மேடையில் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மறுபடியும் தொடங்கினோம். இந்தத் தடவை கூண்டு கிடையாது, மழை கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. தீப்பெட்டி அளவுக் கருவியைச் சட்டைக் கழுத்தில் மாட்டி, எந்த நாள் என்று சொல்லாமல், கடைசிப் பாடவேளையில் குரலைப் பிடித்தோம். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில், களைத்து நிற்கும்போது குரல் எப்படி இருக்கிறது? அன்று எத்தனை நிமிடம் பேசினீர்கள்? யாரிடம் பேசினீர்கள்? படிவத்தில் புதிதாக மூன்று கட்டங்கள் போட்டோம். அறிவுரைத் தாளில் அடிக்கோட்டை எடுத்துவிட்டேன்.

எழுபத்து மூன்றாம் எண்காரரிடமும் போனேன். "கிளாஸுக்குத் திரும்பப் போங்க," என்றேன்.

"மறுபடியும் போயிடுச்சுன்னா?" என்று கேட்டார். போகாது என்று உத்தரவாதம் தர முடியாது என்றேன். 

"போனா திரும்ப வாங்க. பயிற்சி பண்ணுவோம். பேசாம இருந்து காப்பாத்துற குரலை வச்சுக்கிட்டு நானும் என்ன செய்யப்போறேன், நீங்களும் என்ன செய்யப்போறீங்க?"

அவர் மேசைமேல் இருந்த மணியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். அடுத்த மாதம் மூன்றாம் வகுப்புக்குப் போனார்.

முடிவு என்ன? பயிற்சி பயன் தருகிறது. முன்பு நாங்கள் முழங்கியதில் பாதிதான் தருகிறது. சிலருக்குத் தருவதே இல்லை. அவர்களுக்கு அறுவை மருத்துவம் தேவைப்படலாம். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், கஷாயத்திலும் கனைப்பிலும் காலத்தைக் கடத்தாதீர்கள். ஒலிபெருக்கி கேளுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு தொண்டை என்றால் ஒலிபெருக்கி ஆடம்பரமா, அத்தியாவசியமா? இந்தச் சங்கம் தீர்மானம் போடுகிறதோ இல்லையோ, தொண்டை தன் தீர்மானத்தைப் போட்டுவிடும்.

எழுபத்து மூன்றின் இப்போதைய மதிப்பெண் ஒன்று. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சில சமயம் ஒன்றரை. பூஜ்யம் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அந்த ஒன்றுக்குள் நாற்பது பிள்ளைகளின் வாய்ப்பாடு இருக்கிறது, மகளோடு போட்ட சண்டை இருக்கிறது, கணவரைக் கூப்பிட்ட கூப்பாடு இருக்கிறது. எந்தக் கருத்தரங்கிலும் அதைப் போட்டுக் காட்ட மாட்டோம். யாரும் கைதட்டவும் மாட்டார்கள். ஆனால் பதினெட்டு ஆண்டுகளில் நான் பார்த்த எண்களில் எனக்குப் பிடித்த எண் அதுதான்.

தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டுவிட்டார். புரிகிறது ஐயா. அழைத்தவர்களுக்கும், பொறுத்தவர்களுக்கும், கதவோரம் உட்கார்ந்தும் நழுவாமல் இருந்தவர்களுக்கும் என் நன்றி. நான் சொன்னது பாதி நன்றிதான். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது நன்றியுரை. அதைச் சொல்லப்போகிறவர் மேடையின் ஓரத்தில், பச்சைப் புடவையில், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இன்று காலையிலிருந்து நான்கு பாடவேளை எடுத்துவிட்டு வந்திருக்கிறார். தயாராகவில்லையாம், எழுதிவைக்கவும் இல்லையாம். குரல் கொஞ்சம் கரகரக்கும். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

தயவுசெய்து யாரும் மதிப்பெண் போடாதீர்கள். அவர் பேசட்டும். வணக்கம்.