ஞாயித்துக்கிழமை மெயில்

— லைட்டப் போடாதீங்கம்மா. முகத்தப் பாத்தா எனக்குச் சொல்ல வராது.

— ஏட்டி ஷிஜா, மணி பன்னெண்டாச்சு. விடிய வெளுப்புக்கு நான் சாலைச் சந்தைக்குப் போணும். மொளவா வத்தல் லாரி வரும். உறங்குவியா, இல்ல…

— பேடியா இருக்கும்மா.

— என்னத்துக்குப் பயம்? நாளைக்கு வேதமாணிக்கம் அண்ணன் ஷார்ஜாவுலருந்து வாறாரு. உங்கப்பா கூட ஒரே கம்பெனில நிக்கிற ஆளு. சந்தோசப்படாம!

— அந்த மாமா வாறதுதான் பேடி.

— ஏன், அவரு உன்னத் தின்னுருவாரா?

— அவரு வாயத் தொறக்குகதுக்கு முன்ன நான் சொல்லணும். அம்மா… அப்பா மெயில் அனுப்பல.

— இந்த வாரமா?

— ஓணத்துக்கு அப்புறமே அனுப்பல.

— பின்ன நீ ஞாயித்துக்கிழமை சர்ச்சு விட்டதும் ஆரியசாலை நெட் கஃபேக்குப் போயி, பிரிண்டு எடுத்துட்டு வந்து எனக்கு வாசிச்சது?

— நானே உண்டாக்குனது.

— கம்பெனில சம்பளம் முடங்கிக் கெடக்குன்னு எழுதியிருந்தாரே?

— அதுவும் நான்தான்.

— அப்ப பைபிளுக்குள்ள நான் மடிச்சு வச்சிருக்கிற மெயில் கடலாசெல்லாம்?

— கெமிஸ்ட்ரி நோட்ஸு. உங்களுக்கு வாசிக்கத் தெரியாதுல்லா, அதான்…

— கெமிஸ்ட்ரியா! நல்லாருக்கு. தெனமும் அந்தச் சவத்துக் கடலாசுமேல கைய வச்சாக்கும் ஜெபம் பண்ணுனேன்.

— சிரிக்காதீங்கம்மா. நான் அப்பாவுக்கு மெயில் மேல மெயில் போட்டேன். கடைசில ஒத்த வரி வந்துது. ‘இனி எழுதாண்டாம், இஞ்ச எனக்கு வேற குடும்பமாச்சு’ன்னு. அத எப்பிடி வாசிப்பேன்? நீங்க வத்தல் அள்ளுன கை எரிய எரிய வந்து இருந்து, ‘அவரு என்ன எழுதியிருக்காரு, வாசி மக்ளே’ன்னு கேப்பீங்க. அந்த நேரம் மட்டுந்தான் என்ன மக்ளேன்னு விளிப்பீங்க. மத்த நேரமெல்லாம் ஏட்டிதான். அடிக்கணும்னா அடிங்க.

— எனக்குத் தெரியும்.

— என்னது?

— ஓணத்துக்கு அப்புறம் வந்த மொத மெயிலிலயே தெரியும். ‘ஜெயபாய், உனக்க முட்டுவலி எப்பிடி இருக்கு, சுடுதண்ணி ஒத்தடம் போடு’ன்னு வாசிச்சியே. பதினேழு வருசத்துல அந்த மனுசன் ஒருக்காகூட எனக்க முட்டுவலியக் கேட்டதில்ல. இது நம்ம பிள்ளைக்க வேலையாக்கும்னு அப்பவே நெனச்சேன்.

— தெரிஞ்சா பின்ன எதுக்கு வாரா வாரம் பதில் சொன்னீங்க? நீங்க சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுதணும். ‘பிள்ளை மெலிஞ்சு போச்சு, படிச்சுப் படிச்சுக் கண்ணு குழிஞ்சு போச்சு’ன்னு. ‘அன்னைக்கு அகப்பையால அடிச்சிட்டேன், எனக்கு ராத்திரி உறக்கமே இல்ல’ன்னு. ‘இவ ஒருத்தி இல்லேன்னா நான் எப்பவோ தண்டவாளத்துக்குப் போயிருப்பேன்’னு. நான் அழுகைய அடக்கிக்கிட்டு எழுதுவேன். ஐயோ, இத வாசிக்க அந்தப் பக்கம் ஆளே இல்லியேன்னு நெனப்பேன்.

— அதெல்லாம் உங்கப்பனுக்கா சொன்னேன்?

— அம்மா…

— எனக்க அம்மைக்கும் வராது, எனக்கும் வராது. ஒரே பாயில கெடக்கோம், கையெட்டுற தூரம். ஆனா உனக்க முகத்தப் பாத்து ஒரு நல்ல வாக்கு சொல்லணும்னா ஏச்சுதான் வருது. ஓடிப்போன அந்த ஆளயும் அந்தக் கம்ப்யூட்டரயும் நடுவுல கொண்டு வச்சாத்தான் எனக்கு வாய் தொறக்கும், கேட்டியா.

— இப்பச் சொல்லுங்கம்மா. நேரா சொல்லுங்க. லைட்டு இல்லியே.

— நீ எதுக்குட்டி இத இன்னைக்குச் சொன்ன? இனி வாற ஞாயித்துக்கிழமை நான் உங்கிட்ட எப்பிடிப் பேச?