நிரலில் சேராத கட்டடம்

எங்கள் மன்றக் கூட்ட அறையின் மின்விசிறிகள் சத்தம் போடுவதில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் நீங்களும் அதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு நான்தான் காரணம். நான் செயலராக வந்த புதிதில் அவை துருப்பிடித்த கதவு போல முனகிக்கொண்டிருந்தன. ஆள் வைத்து எண்ணெய் போடச் சொன்னேன். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டச் சொன்னேன். கதவு இடிக்கும் இடத்தில் ஒரு துணிப் பட்டையை நானே ஒட்டினேன். அதன் பிறகு அந்த அறையில் ஒருவர் தொண்டையைச் செருமினால்கூட எல்லோருக்கும் கேட்கும். அதனால் யாரும் செருமுவதில்லை.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் என் வரிசையில் சொல்கிறேன். உங்களுக்கும் எழுதிக்கொள்ள அதுதான் வசதி.

நகர மன்றம் எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு முடிவெடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருப்பது நடக்கும், இல்லாதது நடக்காது. அவ்வளவுதான். நிரலைத் தயாரிப்பது என் வேலை. தகராறு வராத பொருள்களை ஒன்றாகக் கட்டி வைப்பேன். தலைவர் "மொத்தமா எடுத்துக்கலாமா, ஆட்சேபம் யாருக்காவது உண்டா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லாம் நிறைவேறிவிடும். ஆலோசனைக் குழுக்களுக்கு ஆள் நியமிப்பதும் அந்த மொத்தத்தில்தான் வரும்.

மரங்களுக்கு ஒரு குழு, நூலகத்துக்கு ஒன்று, மன்றத்துக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு ஒன்று. சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. இடம் காலியானால் விண்ணப்பங்கள் வரும். உறுப்பினர்கள் அவற்றைப் படிப்பதில்லை. மேலாக இருப்பவற்றைப் புரட்டுவார்கள். பெரிய டாக்டர், பெரிய வக்கீல் என்று இருந்தால் முகம் மலரும். "இவர் மாதிரி ஒருத்தர் நம்ம குழுவுக்குக் கிடைக்கிறதே பெருமைதானே" என்பார்கள். பெரிய மனிதர்கள் பேரைக் கொடுப்பார்கள், கூட்டத்துக்கு வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். உறுப்பினர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் அது என் குற்றமில்லை.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் எனக்கு இரண்டு வயது இளையவள். சின்ன வயதில் நான் அதிகம் கூச்சப்படுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் என் பெயர் என்ன என்று என்னைக் கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிடுவாள். எனக்குப் பசிக்கிறது என்று அம்மாவிடம் அவள் சொல்வாள். வகுப்பில் ஆசிரியர் என்னை அதட்டினால் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்து எனக்காகப் பேசுவாள். எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். என்னை அவளுடைய அக்கா என்றார்கள். அவள் இதையெல்லாம் அன்பால்தான் செய்தாள். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு அவள் தையல்காரி ஆனாள். மன்றத்துக்குச் சொந்தமான பழைய கடைக் கட்டடத்தில், கீழ்த்தளத்தில், மூலைக் கடை அவளுடையது. நான் செயலரானேன். எழுபது பேர் உட்காரும் அறையில் நான் பேனாவைக் கீழே வைத்தால் பேச்சு நின்றது. அங்கே என்னை அவளுடைய அக்கா என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு தங்கை இருப்பதே அங்கே பலருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். கணவர் இறந்த பிறகு வீட்டில் அவர்கள் இருவரும்தான். சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, என் கடை ஷட்டர் இறங்க மாட்டேங்குது. நான் குண்டாயிட்டேன்னு யாராவது சொன்னா ஒத்துக்குவேன். ஷட்டர் குண்டாகுமா? மேல இருக்கிற உத்தரம் கீழ இறங்கியிருக்கு. மாடி வாடகைக்காரன் டைல்ஸா கொண்டுவந்து அடுக்கறான்."

"மன்றத்துக்கு எழுதிக் குடு."

"குடுத்தாச்சு. மன்றத்துப் பொறியாளர் வந்து பாத்தார், தலையைச் சொறிஞ்சார், கட்டடக் குழு பரிந்துரை பண்ணணும்னார். குழுவுல மூணு இடம் காலியாமே. நான் விண்ணப்பம் போடப் போறேன்."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"ஏன், உன் மன்றத்துல நான் உக்காந்தா நாற்காலி தேஞ்சுடுமா? பயப்படாதே, உன் மானத்தை வாங்க மாட்டேன். நல்ல புடவையா கட்டிட்டு வரேன்." அவள் சிரித்தாள். மகளும் சிரித்தாள். "எங்க கட்டடத்துல பாதிப் பேருக்குப் பேச வாய் வராது அக்கா. நான் அவங்களுக்காகப் பேசறேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல நாள் யோசித்தேன். அவள் அந்த அறைக்கு வருவாள். குழு அறிக்கையை அவளே எழுந்து வாசிப்பாள். எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். தலைவர் என்னிடம் ஏதாவது கேட்பார், நான் வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிடுவாள்.

குழுவில் மொத்தம் ஐந்து பேர். மூன்று பேர் வந்தால்தான் அது கூட்டம். குழு பரிந்துரைக்காமல் பொறியாளரின் அறிக்கை மன்றத்துக்கு வர முடியாது. இதெல்லாம் எனக்கு முன்பே இருந்த விதிகள். நான் ஒரு விதியைக்கூட மாற்றவில்லை.

விண்ணப்பங்களை அடுக்கினேன். மேலே ஒரு மருத்துவமனைத் தலைவர். அடுத்து, பாதி நாள் வேறு ஊரில் இருக்கும் ஒரு வக்கீல். அடுத்து, மாற்றல் உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு வங்கி மேலாளர். தங்கையின் விண்ணப்பம் கீழே இருந்தது. நான் அதைக் கிழிக்கவில்லை, ஒளிக்கவில்லை. அது அங்கேயே இருந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

எடுக்கவும் எடுத்தார்கள். மன்றத்தில் ஓர் உறுப்பினர் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்பார். ஏன்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அன்று அவர் எழுந்தார்.

"கடைக் கட்டடத்துக்குக் குழு போடறோம். கடை வச்சிருக்கிறவங்க ஒருத்தர்கூட இல்லையே, ஏன்? கடைசியில ஒரு தையல்காரம்மா போட்டிருக்காங்களே, அவங்களை ஏன் எடுக்கக் கூடாது?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அது நடிப்பு இல்லை, எனக்கு எழுந்து பேசுவது எப்போதும் கஷ்டம்.

"அந்த விண்ணப்பம் என் தங்கையோடது. அதைப் பத்தி நான் எதுவும் சொல்றது முறையில்லைங்க. நான் வேணும்னா வெளியில போய் நிக்கறேன்."

வெளியே போகவும் கிளம்பினேன். அறையில் ஒரு நெகிழ்ச்சி உண்டானது. தலைவர் பதறிப்போய், "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றார். "இப்படி ஒரு நேர்மையை இந்தக் காலத்துல யாருகிட்ட பாக்கறோம்? செயலரோட தங்கையை நியமிச்சா நாளைக்கு ஊர் என்ன பேசும்? அவங்களுக்குக் கெட்ட பேர் நாம வாங்கிக் குடுக்கலாமா?"

ஏன்காரர்கூட என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்குங்கம்மா, தெரியாம கேட்டுட்டேன்." அவர் ஏன் என்று கேட்காமல் உட்கார்ந்ததை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். பட்டியல் மொத்தத்தில் நிறைவேறியது.

தங்கைக்கு நான்தான் சொன்னேன்.  அவள், "என்னால உனக்குச் சங்கடமாயிடுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அதன் பிறகு கட்டடக் குழுவுக்கு முறையாக அழைப்பு அனுப்பினேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. மேசையில் ஐந்து கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் வைப்பேன். பழைய உறுப்பினர்கள் இருவர் மட்டும் வருவார்கள், ஒரு கொத்தனாரும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரும். மற்ற மூவருக்கும் ஏதாவது வேலை இருக்கும்.

"கொத்தனாரே, நாம ரெண்டு பேரும் மாப்பிள்ளை வராத கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கு" என்பார் ஆசிரியர்.

"சாப்பாடாவது போட்டா பரவாயில்ல சார். தண்ணிதானே வைக்கறாங்க."

நானும் சிரிப்பேன். பிறகு போதிய வருகை இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதுவேன். ஒருமுறை கொத்தனார் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "அந்த உத்தரத்தை நான் போய்ப் பாத்தேம்மா. எனக்கு நல்லாப் படல. இதை எங்கயாவது எழுதிக்குங்களேன்" என்றார். கூட்டமே நடக்காதபோது கூட்டத்தில் சொன்னதாக எதையும் எழுத முடியாது என்று விளக்கினேன். அவர் புரிந்துகொண்டார். படிப்பு இல்லாவிட்டாலும் முறை தெரிந்தவர்.

தங்கை ஒருநாள் மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். நல்ல புடவைதான் கட்டியிருந்தாள். கூட்டம் முடியும் நேரத்தில் எழுந்து, "ஐயா, எங்க கட்டடம்..." என்று ஆரம்பித்தாள். தலைவர் என் பக்கம் திரும்பினார். அது நிரலில் இல்லை என்றேன். அவர் மணியை அழுத்தினார். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று அப்போதுதான் சரியாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அவள் பேச ஆரம்பித்து முடிக்காமல் உட்கார்ந்ததை நான் வாழ்க்கையில் அதற்கு முன் கண்டதில்லை. அன்று மாலை எனக்கு நன்றாகப் பசித்தது.

இனி அந்தக் காலையைப் பற்றி. நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள்.

அலுவலகம் திறந்த சற்று நேரத்தில் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். இளைஞர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், நேத்து சாயங்காலம் மாடிக்குப் போனேன். விரிசல் கை நுழையற அளவுக்கு இருக்கு. இன்னிக்கே மூடணும். தலைவர் ஃபோன் எடுக்கல. நீங்க சொல்லிடறீங்களா?"

"சொல்லிடறேன்" என்றேன்.

அவசரம் என்றால், குழுவும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். செயலர் எடுத்துச் சொன்னால் தலைவர் ஒரு கையெழுத்தில் எந்தக் கட்டடத்தையும் மூடலாம். தலைவர் பக்கத்து அறையில் இருந்தார். நடுவில் ஒரு கதவு. அவர் யாருடனோ பேசிச் சிரிப்பது கேட்டது. நான் எழுந்து கதவு வரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. கட்டடத்தை மூடினால் காரணம் கேட்பார்கள். முதலில் சொன்னது யார் என்று கேட்பார்கள். அவளைக் கூப்பிட்டு, அந்த அறையில், எல்லோர் முன்னாலும் ஒரு நாற்காலி போடுவார்கள். நான் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் தங்கை வந்தாள். கடைச் சாவி கையில் இருந்தது. உட்காரவில்லை, மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமான கேலி எதுவும் இல்லை.

"அக்கா, இன்னிக்கும் மாடியில லோடு இறக்கப் போறாங்களாம். எனக்கு என்னமோ மனசே சரியில்ல. நான் திறக்கலேன்னா பக்கத்துக் கடைக்காரங்களும் திறக்க மாட்டாங்க, என்னைத்தான் பாத்துட்டு நிக்கறாங்க. என்ன பண்ணட்டும்? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீ சொல்லு. நீ சொன்னா சரி."

அவள் என்னை யோசனை கேட்டது அதுதான் முதல்முறை. அவள் என் பதிலுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றாள். நானும் அவசரப்படவில்லை. என் வார்த்தைக்காக அவள் காத்திருப்பதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"திற" என்றேன். "ஒண்ணும் ஆகாது."

அவள் முகம் தெளிந்தது. "அப்பாடா" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பத்து மணிக்குள் எல்லாக் கடைகளும் திறந்துவிட்டன. சாப்பாட்டு நேரத்துக்கு முன் மாடி இறங்கியது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் யாரும் வெளியே வரவில்லை. அந்தச் சத்தம் எங்கள் அலுவலகம் வரை கேட்டதாகச் சொன்னார்கள். கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை.

அவள் மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். முன்பு அம்மாவைப் போலவே வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது கேட்டதற்கு மட்டும் தலையாட்டுகிறாள். நல்ல பெண். வீடு அமைதியாக இருக்கிறது.

நான் எதையும் மறுக்கப் போவதில்லை. விண்ணப்பங்களை அப்படி அடுக்கியது நான்தான். பொறியாளர் சொன்னதைத் தலைவரிடம் சொல்லாமல் விட்டதும் நான்தான். மாடி விழும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் தாளின் தலைப்பில் பதவியைத் தவறாகப் பயன்படுத்தினேன் என்று இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். இத்தனை வருடத்தில் என் பதவிமேல் ஒரு கறை கிடையாது. அன்று அவளிடம் திற என்று சொன்னது மன்றச் செயலர் இல்லை, அவளுடைய அக்கா.