மடியில இருக்கிற மூளை

கேக் இல்லப்பா, கேக் இல்ல. நான் பிடிச்சிருக்கிறதப் பாத்தா அப்படித்தான் தோணும். கேக்கா இருந்தா நசுங்கினாலும் வழிச்சுத் தின்னுடலாம். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி. பள்ளம் வந்தா மட்டும் ஒரு குரல் கொடுங்க, நான் தூக்கிப் பிடிச்சுக்கறேன்.

இது கார்டு. சீட்டாடற கார்டு இல்ல, சிரிக்காதீங்க. என் பையன் ஆபீஸ்ல ரவுட்டர்னு ஒண்ணு இருக்கு. வீட்டுல இன்டர்நெட்டுக்குன்னு மூலையில மினுக்கிக்கிட்டுக் கிடக்குமே, அதோட பெரியப்பா. பீரோவுல பாதி உசரம். வெறும் இரும்புக் கூடு, உள்ள தட்டுத் தட்டா அறை. ஒவ்வொரு அறையிலயும் ஒரு கார்டச் சொருகுவாங்க. போன் லைனுக்கு ஒண்ணு, கண்ணாடி நூல்ல வர்ற லைனுக்கு ஒண்ணு, வெளியூர் ஆபீஸுக்கு ஒண்ணு. வேலை கூடிப்போனா இன்னொரு கார்டு வாங்கிச் சொருகிக்கலாம், இரும்புக் கூட்டையே மாத்த வேண்டாம். கெட்டுப்போனா அந்த ஒண்ண மட்டும் உருவலாம், அதுவும் ஓடிக்கிட்டு இருக்கும்போதே. பக்கத்து அறைக்குத் தெரியவே தெரியாதாம். அதான்மா இதோட பெருமையேன்னு சோறு தின்னும்போதெல்லாம் சொல்லுவான். எனக்குப் பாதி புரியும். தலைய ஆட்டிக்கிட்டு இன்னும் கொஞ்சம் போடுவேன்.

என்ன ஆபீஸா? அதச் சொல்லலையா நான்? அவசரத்துக்கு ஆம்புலன்ஸக் கூப்பிடறோமே, அந்த நம்பருக்கு வர்ற போனெல்லாம் எடுக்கிற எடம். மலையில கூப்பிட்டாலும் கடலோரத்துல கூப்பிட்டாலும் இங்கதான் வந்து விழும். இங்கேருந்து சொன்னாத்தான் அங்கங்க நிக்கிற வண்டி கிளம்பும். இப்ப எதுவும் விழல தம்பி. அந்தக் கூடு செத்துக் கிடக்கு.

அந்த லாரிய முந்த முடியாதா? சரி சரி, இடிச்சுக்க வேணாம். நான் சும்மா கேட்டேன். என் வாய் ஒரு பக்கம் உங்ககிட்டப் பேசுது, மனசு ஒரு பக்கம் சாமியக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. ரெண்டும் நிக்க மாட்டேங்குது.

நல்லாக் கேட்டீங்க. அவ்ளோ பெரிய எடத்துல மாத்து இல்லாமலா இருக்கும்? எல்லாமே அதுல ரெண்டு ரெண்டு. கரண்டுக்கு ரெண்டு பெட்டி, ரெண்டும் வேற வேற லைன்லேருந்து வரும். ஒரு ஃபேன் நின்னா மத்தது வேகமாச் சுத்தும். மூளைன்னு சொல்லுவான், அந்தக் கார்டும் ரெண்டு. ஒண்ணு வேலை செய்யும், இன்னொண்ணு கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். முதலாவது மயங்கி விழுந்தா அடுத்த மூச்சுல ரெண்டாவது ஏத்துக்கும். பேசறவங்களுக்கு ஒரு வார்த்தை கூட அறுபடாதாம். புருஷன் பொண்டாட்டி மாதிரியாடான்னு கேட்டேன். இல்லம்மா, இதுல ரெண்டாவது குறை சொல்லாதுன்னான்.

ஆமா. அந்த ரெண்டாவதுதான் இது. என் மடியில இருக்கு.

அப்படித் திரும்பிப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க. வெவரம் கெட்ட பையன் இல்ல அவன். ஜாக்கிரதை ஜாஸ்தி, அதான் அவனுக்குக் கேடு. புதுசா ஏதோ புரோகிராம் ஏத்தணும்னு மேல சொல்லியிருக்காங்க. ஓடற பெட்டியில ஏத்திப் பாத்தா ஏதாவது ஆயிடும், நாலு உசுரு போற வர்ற எடம்னு பயந்தான். வீட்டுல பழைய கூடு ஒண்ணு வெச்சிருக்கான், சின்னது. அது போடற இரைச்சல்ல நான் சாமி கும்பிடறது எனக்கே கேக்காது. இந்தக் கார்ட அங்கேருந்து உருவி, காத்து ஒழுகாம இருக்க அந்த ஓட்டைக்கு மூடி போட்டுட்டு, இத வீட்டுக்குக் கொண்டுவந்து சோதிச்சுக்கிட்டு இருந்தான். முதலாவது நல்லாத்தானே ஓடுது, லீவு நாள்தானே, நாளைக்குக் கொண்டுபோய் வெச்சுடலாம்னு. இன்னிக்குப் பாத்து முதலாவது போயிடுச்சு.

அவன் எப்படி வருவான்? ட்யூட்டியில ஒத்தை ஆளு. செத்ததையே தட்டித் தட்டி எழுப்பிக்கிட்டு இருக்கான், அதோட லைட்டு கண்ணு மாதிரி முழிச்சு முழிச்சு மூடுதாம். ஆபீஸ் வண்டி அங்கேருந்து வந்து திரும்பிப் போறதுக்குள்ள நீ வந்துடுவேம்மான்னான். போன்லயே சொல்லிக்கொடுத்தான். திருகக் கழட்டு, ரெண்டு பக்கமும் காது மாதிரி இருக்கு பாரு, ரெண்டையும் ஒண்ணா விரி, நேரா இழு. இழுத்துட்டேன். கம்பளியில சுத்தப் போனேன், ஐயோ வேணாம்னு கத்தினான். கம்பளி உரசினா அதுக்கு ஆகாதாம், இந்த வெள்ளிக் கலர் பையிலதான் போடணுமாம். சின்ன வயசுல அவனுக்குக் குளிருமேன்னு சுத்திச் சுத்திப் பழகின கை தம்பி, என்ன பண்றது?

அதோ அந்தக் கட்டடம்தான், உச்சியில கோபுரம் நிக்குதே. இந்தப் பக்கமே விடுங்க, நான் எறங்கி ஓடிடறேன்.

வேணாம், அவனக் கீழ கூப்பிட வேணாம். நானே மேல கொண்டுபோய்க் கொடுக்கறேன். என் மூஞ்சி அழுத மாதிரித் தெரியுதா? கொஞ்சம் அந்தத் தண்ணிப் பாட்டிலக் கொடுங்க.

வேலை போயிடும்னு அழல தம்பி. போனாப் போகட்டும். இதச் சொருகும்போது கை ஆடக்கூடாதாம். உள்ள ஊசி ஊசியா இருக்குமாம், கோணலாப் பட்டு ஒண்ணு வளைஞ்சாலும் கூடே போச்சாம். அதான் அவன்கிட்ட நான் சொல்லல.

அவன் கூப்பிடறதுக்கு முன்னாடி என் மக கூப்பிட்டா. அவன் தங்கச்சி. மலை மேல இருக்கா, இங்கேருந்து போனா பொழுதே போயிடும். மாப்பிள்ளை கப்பல்ல. இவளுக்கு வயித்துல எட்டு மாசம். ரத்தமாப் போகுதும்மா, ஆம்புலன்ஸ் நம்பர் அடிக்கவே மாட்டேங்குதுன்னா. கூப்பிடற தூரத்துல வேற வீடு இல்ல. ஆம்புலன்ஸ் நிக்கிற கொட்டகையோட கூரை அவ ஜன்னல்லேருந்து பாத்தா கீழ தெரியுமாம். அதப் பாத்துக்கிட்டே பேசினா. அந்த நேரத்துல இவன் போன் குறுக்க வந்துச்சு.

இந்தாங்க, என் போன வெச்சுக்குங்க. மேல இது அடிச்சா அவன் எடுத்துடுவான், அதான். அவ கூப்பிட்டா நீங்க எடுங்க. யாருன்னு கேப்பா, அம்மாவுக்குத் தெரிஞ்சவர்னு சொல்லுங்க. எதையாவது பேசிக்கிட்டே இருங்க, தூங்க மட்டும் விடாதீங்க. அம்மா வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லாதீங்க, அது பொய்யாயிடும். அண்ணன் வண்டி அனுப்பறான்னு சொல்லுங்க.